பரமத்தி வேலூர்ச் சந்தையும் என் டீப் பெட்டியும்

1. என்ன நோவுக்கு?

பரமத்தி வேலூர்ச் சந்தையில் நான் ஊற்றிக் கொடுத்த முதல் கப் டீயைக் குடித்தவர் என் மாமனார். குடித்து முடித்துக் கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலு கடை தள்ளி நிற்பவனுக்கும் கேட்கும்படி, "ஏனுங்க மாப்ள, இது என்ன நோவுக்குங்க?" என்றார்.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தைய சங்கதி இது. அப்போது எங்கள் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் டீ போடும் வழக்கமே கிடையாது. காலையில் நீராகாரம், வெயிலில் மோர், உடம்புக்கு முடியாவிட்டால் கசாயம், அவ்வளவுதான். இவர்களை டீக்குப் பழக்க வேண்டும் என்று டீக் கம்பெனி சந்தை சந்தையாக ஆள் அனுப்பியது. சும்மா ஒரு கப் ஊற்றிக் கொடுத்து, போகும்போது கையில் ஒரு பாக்கெட்டை விற்றுவிட வேண்டும். உத்தியோகத்தின் பெயர் டெமான்ஸ்ட்ரேட்டர். என் மாமனார் அதை "டீத்தண்ணி காச்சற வேலை" என்பார்.

ஆறு மாதம் டெம்பரரி. அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்து நல்ல ரிப்போர்ட் எழுதினால் பர்மனென்ட், இல்லையென்றால் வீட்டுக்கு. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் அது. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போன என் மனைவி செல்லம்மாளை ஆவணி பிறந்தும் மாமனார் அனுப்பவில்லை. கேட்டால், "வேலை பர்மனென்ட் ஆவட்டுமுங்க மாப்ள, புள்ளய அனுப்பறனுங்க" என்று மரியாதையாகத்தான் சொல்வார். இப்படி வரிக்கு வரி "ங்க" போட்டு மறுக்கிற மனிதரிடம் சண்டை போடவும் வழியில்லை. ஆகவே என் டீ விற்றால்தான் என் பெண்டாட்டி வருவாள்.

"நோவுக்கு இல்லீங்க மாமா. சும்மா குடிக்கறதுங்க" என்றேன்.

"நோவு இல்லாம எவனாச்சும் கசாயம் குடிப்பானுங்களா? அதுவுமில்லாம அஞ்சு நிமிசத்துல சாறு எப்படீங்க எறங்கும்?"

ஆளுக்கு ஒரு ஸ்பூன், கெட்டிலுக்கு ஒரு ஸ்பூன், கொதித்த தண்ணீர், ஐந்து நிமிஷம், இது கம்பெனி சட்டம். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போடுவேன். ஜனங்கள் கடிகாரத்தை வேடிக்கை பார்த்தார்கள், டீயை இலவசமாகக் குடித்தார்கள், போய்விட்டார்கள். எதிரே நாச்சாயக்கா கடையில் மட்டும் கூட்டம் குறையவே இல்லை. அவளிடம் இரண்டு பானை இருக்கும். ஒன்றில் சுக்குமல்லித் தண்ணீர், இன்னொன்றில் ஆவாரம்பூக் கசாயம். வருகிறவன் மூஞ்சியைப் பார்த்தே எந்தப் பானையில் மொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

2. பத்தியம்

மூன்று சந்தை போயிற்று. ஒரு பாக்கெட்கூட நகரவில்லை. டீயை மருந்து என்று சொல்லி விற்கக் கூடாது என்று கம்பெனி சர்க்குலரே அனுப்பியிருந்தது. நாலாவது சந்தையில் மாமனார் மறுபடியும் வந்து, "இன்னும் தெரியலீங்களா, என்ன நோவுக்குன்னு?" என்று கேட்டதும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அசதிக்குங்க மாமா."

"அப்படிச் சொல்லுங்க. பத்தியம் என்னங்க?"

"கத்திரிக்காயும் புளியும் ஆகாதுங்க."

கத்திரிக்காயை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன். அரைமணி நேரத்தில் பெட்டி காலி. பத்தியம் உள்ள சரக்கு என்றதும்தான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்த வாரம் மாமனார் வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இருந்தது. ஒரு பாக்கெட் தூளையும் ஒரே பானையில் கொட்டி, எட்டுக்கு ஒன்றாகச் சுண்டவிட்டு, வெறும் வயிற்றில் ஆழாக்குக் குடித்திருக்கிறார்.

"மூணு நாளா கண்ணு சொக்கலீங்க மாப்ள. வெத்தலைக் கொடிக்காலுக்கு நானே தண்ணி கட்டிட்டேன், நானே வேலி அடைச்சிட்டேன், பக்கத்துக் காட்டுக்காரனுக்கும் வேலி அடைச்சுக் குடுத்துட்டேன். இனிச் செய்ய வேலை இல்லீங்க."

"அசதி எப்படி இருக்குங்க?"

"அது வரவே மாட்டேங்குதுங்க. அது கெடக்கட்டும், கத்திரிக்கா எப்பத் திங்கலாம்?"

எதிர்க்கடையில் நாச்சாயக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த மருந்து வியாபாரம் ஆபத்து என்று அன்றைக்கே விட்டுவிட்டேன். பிறகு ஆள் ஆளாக, வீட்டில் எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுத்துத்தான் வாரம் பத்துப் பன்னிரண்டு பாக்கெட் தள்ளினேன்.

3. துப்பிப் பார்த்தது

ஒருநாள் சந்தை கலைகிற நேரத்தில் நாச்சாயக்கா, "உங்க தூளுல எங்க சரக்கச் சேத்தா என்னாவும் சாமி?" என்று கேட்டாள். எனக்கும் ஆசைதான். கோயமுத்தூரில் ட்ரெயினிங்கின்போது டேஸ்டிங் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஸ்பூனில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும், வாய் முழுக்கச் சுழற்ற வேண்டும், விழுங்காமல் துப்ப வேண்டும். ஆறு சொம்பு வரிசையாக வைத்தோம். நான் உறிஞ்சித் துப்பினேன்.

"காச்சினவ முன்னாலயே துப்பறீங்களே. எங்கூட்டுல இப்படித் துப்பினா மறு சோறு கெடையாது" என்றாள் நாச்சாயக்கா. அவள் ஒவ்வொன்றையும் முழுசாகக் குடித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னாள்.

அன்று நான் நோட்டில் எழுதியது இப்படி இருந்தது. துளசி போட்ட டீ கோயில் தீர்த்தம். குடித்ததும் கை தானாகத் தலைக்குப் போகிறது. நன்னாரி டீயை முழுங்கிவிட்டது, லீஃப் இருப்பதே தெரியவில்லை. ஏலக்காய் வாசம் பிரமாதம், ஆனால் குடித்தவன் அடுத்துப் பாயசம் எங்கே என்று கேட்பான். மிளகு வேண்டாம், எனக்கு விக்கல் எடுத்தது. சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த டீதான் முதல் மார்க். இதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு.

ஆறாவது சொம்பில் டீத்தூளே கிடையாது. ஆவாரம்பூவும் வறுத்த கொத்தமல்லியும் கருப்பட்டியும் மட்டும். நிறம் அசல் டீ. துவர்ப்பும் டீக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சா நானே ஏமாந்துருவேன்" என்று அவளிடம் சொன்னேன்.

கம்பெனி டீயில் வேறு எதையும் கலக்கக் கூடாது என்று இன்னொரு சர்க்குலர் இருந்ததால் நோட்டை மூடிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

4. இன்ஸ்பெக்டரின் நாக்கு

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடிதம் வந்தது. அந்த வாரம் நான் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே மாமனாரின் வெற்றிலை மண்டிக்குப் போனேன். வாராவாரம் தூக்கிச் சுமக்க முடியாமல் டீப் பெட்டியை அங்கேதான் விட்டு வைப்பேன். பெட்டியைத் திறந்தால் குப்பென்று வெற்றிலை வாசம். பாக்கெட்டெல்லாம் ஊறி, தூள் கையில் ஒட்டியது.

"மாமா, என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க மாப்ள. எலதானுங்களே, வாடிப்போயிரும்னு தெனம் ரெண்டு வேளை தண்ணி தெளிச்சு, மேல வெத்தலைக் கட்ட அடுக்கி வெச்சேன். பெரிய ஆபீசரு வாராருன்னு சொன்னீங்கள்ல. பசபசன்னு இருக்கட்டும்னுங்க."

மாப்பிள்ளை பொருளை அவர் தம் பொருளைப்போலவே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன சொல்ல? டீத்தூள் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். புகையிலை, மண்ணெண்ணெய், சோப்பு எதுவும் கிட்டே வரக் கூடாது. இதை அவரிடம் முதல் நாளே சொல்லாதது என் முட்டாள்தனம்.

கடை போட்டு, ஒரு கெட்டில் போட்டுப் பார்த்தேன். நாச்சாயக்கா ஒரு வாய் குடித்தாள்.

"சுண்ணாம்பும் பாக்கும்தான் கொறை சாமி" என்றாள்.

இன்ஸ்பெக்டர் பஸ் வருவதற்கு அரைமணி நேரம்கூட இல்லை. வேறு தூள் வேலூரிலேயே கிடையாது. நான் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு அவளே வந்தாள். ஆவாரம்பூவும் மல்லியும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிய பானையை என் பக்கம் தள்ளினாள். "இத ஊத்திக் குடுங்க. நீங்களே ஏமாந்துருவேன்னீங்கள்ல, அவரு ஏமாற மாட்டாரா?" என்னிடம் ஒரே கெட்டில். கீழே கொட்டினால் வாசம் காட்டிக் கொடுத்துவிடும் என்று, அதிலிருந்த வெற்றிலை டீயை அவள் பானைக்கு மாற்றினோம், அவள் கசாயத்தைக் கெட்டிலுக்கு மாற்றினோம். சுற்றி நின்ற இருபது முப்பது பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் மாமனாரும் இருந்தார்.

இன்ஸ்பெக்டர் கோட்டுப் போட்ட மனிதர். சொந்த வெள்ளி ஸ்பூன் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். கெட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். உறிஞ்சினார், சுழற்றினார், துப்பினார், கண்ணை மூடிக்கொண்டார்.

"மலை உச்சி லீஃப்யா இது. நல்ல பாடி. பிரிஸ்க்கா இருக்கு. கடைசியில மால்ட் மாதிரி ஒரு வாசனை வருது பார், அது எல்லா எஸ்டேட்லயும் வராது."

அது கருப்பட்டி. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு பேர் திரும்பி நின்று பக்கத்து மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்தார்கள். மாமனார் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திறந்து "வெகு சிறப்பு" என்று எழுதினார். செல்லம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டதாகவே நினைத்தேன்.

அதோடு அவர் போயிருக்கலாம். "எதிர்க்கடை சரக்கையும் பார்த்துடலாம், ரிப்போர்ட்டுக்கு வேணும்" என்று நாச்சாயக்கா பானையில் ஸ்பூனை விட்டார். உறிஞ்சிய வேகத்தில் துப்பினார்.

"என்னம்மா இது, சாக்கடைத் தண்ணி. இதையா ஜனங்களுக்கு ஊத்தறே? யோவ், யாரும் இந்தம்மா கிட்ட வாங்காதீங்கய்யா. உடம்பு கெட்டுப்போகும்."

அப்போதுதான் வந்த வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் பின்வாங்கிப் போனார்கள். நாச்சாயக்கா அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். அந்த இரண்டு பானையை வைத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தில் மை காயவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும், செல்லம்மாள் வரமாட்டாள். சும்மா நின்றேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"ஐயா, பானை மாறிப்போச்சுங்க" என்றேன் கடைசியில். "நீங்க துப்பினதுதான் கம்பெனி டீங்க. ஈரத்துல கெட்டுப்போச்சு. நல்லாருக்குன்னு எழுதினது இந்த அக்கா காச்சினதுங்க. அதுல டீத்தூளே இல்லீங்க."

அவ்வளவு நேரம் அடக்கியிருந்த சந்தை சிரித்தது. மாட்டுக்காரர்கள் பக்கம்தான் சத்தம் அதிகம். இன்ஸ்பெக்டர் முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்டிலிலிருந்து இன்னொரு கப் வாங்கி, இந்தத் தடவை துப்பாமல் குடித்தார். "நல்லாத்தாம்மா இருக்கு" என்று நாச்சாயக்காவிடம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்.

"உன்னை வேலையை விட்டு எடுக்கணும்யா."

"ஆமாங்க."

"எடுத்தா காரணம் எழுதணும்."

"ஆமாங்க."

"என்னன்னு எழுதறது?"

மலை உச்சி லீஃப் என்று எழுதலாம்தான். நான் அதைச் சொல்லவில்லை.

பதினைந்து நாளில் ஆர்டர் வந்தது. பர்மனென்ட். ஆத்தூர் சர்க்கிள். இனிப் பரமத்தி வேலூர்ப் பக்கம் கம்பெனி வேலையாகத் தலைகாட்டக் கூடாது என்று அடியில் ஒரு வரி.

5. பத்து எண்ணுகிற நேரம்

ஆர்டரை எடுத்துக்கொண்டு மாமனார் ஊரான ஜேடர்பாளையத்துக்கு ஓடினேன். மாமனார் அதைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பர்மனென்ட்டுங்க மாமா" என்றேன். "அது கெடக்கட்டுமுங்க. அந்தக் கசாயக்காரப் புள்ளய ஊரு முன்னால உட்டுக் குடுக்காத பேசுனீங்கள்ல, அன்னைக்கே எம்புள்ளகிட்டத் துணிமணிய எடுத்து வெய்யின்னு சொல்லிட்டேன்" என்றார். அந்த மனிதரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருந்தேன்.

பஸ்ஸில் செல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாமக்கல் வருகிறவரை என்னைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த ஆபீசரு நாச்சாயக்காளப் பேசினப்ப, பத்து எண்ணற நேரம் சும்மாவே நின்னீங்களாமா?"

"யார் சொன்னா?"

"நாச்சாயக்காதான். எண்ணிப் பாத்துச்சாமா."

"உன்னய நெனச்சுத்தான் நின்னேன்."

"என்னய நெனச்சிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் டீயை உறிஞ்சித் துப்பித்தான் பிழைத்தேன். எத்தனையோ பெரிய துரைகள் முன்னால் எத்தனையோ கப். வாசம் ஏறியிருந்தால் ஏறியிருக்கிறது, கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது, கப் கையில் இருக்கும்போதே சொல்லிவிடுவேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளும் அப்படியே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் பதில் சொல்ல முடியாது. அந்தப் பத்து எண்ணிக்கையைப் பற்றிச் செல்லம்மாள் இன்னும் கேட்பதை விடவில்லை.