ரூபி கடித்த கை

சபையாரே, ஒரு மனுஷனுடைய கை முறிந்து போகவேண்டும் என்று உபவாசம் இருந்து ஜெபித்தவள் நான். அதைச் சொல்லாமல் இந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது.

என் மகள் ரூபிக்குப் பத்து வயதில் சர்க்கரை நோய் வந்தது. தினமும் இன்சுலின் ஊசி. போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். அப்போது அவள் என் ரூபியாகவே இருக்கமாட்டாள். கத்துவாள், உதைப்பாள், கடிப்பாள். பிறகு எதுவும் ஞாபகம் இருக்காது.

சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் அவள் படிக்கும் பள்ளியில் இது யாருக்கும் புரியவில்லை. ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் பி.டி. மாஸ்டர் தாஸ் சாரைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். திமிர் என்று நினைத்து அவர் பிரம்பால் விளாசிவிட்டார். முதுகெல்லாம் தடிப்பு. நான் நேரே போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். பட்டன் தெறித்தது. "உன் புள்ளைய இப்டி அட்ச்சா சும்மா வுடுவியா சார்?" என்றேன். வாட்ச்மேன் என்னை வெளியே தள்ளினார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்து, "ஆண்டவரே, அந்தக் கையை முறித்துப் போடும்" என்று கேட்டேன். துன்மார்க்கனுடைய புயத்தை முறித்துவிடும் என்று வேதத்தில் சங்கீதக்காரன் கேட்காததையா கேட்டேன்?

கை முறியவில்லை. நான் தலைமையாசிரியை அறை வாசலில் நின்று நின்று கேட்டதில், கடைசியில் செங்கல்பட்டிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சர்க்கரை இறங்கினால் என்ன அடையாளம், உடனே என்ன இனிப்பு கொடுக்கவேண்டும், மயங்கிவிட்டால் ஏன் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, எல்லாம் சொன்னார். அதே பள்ளியில் வேலை செய்யும் நம் சபை மேரி டீச்சர் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்ததால் வரவில்லை. தாஸ் சார் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் விளையாட்டு விழா வந்தது. சீஃப் கெஸ்ட் வராமல் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடையாது. வெயிலில் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். ரூபியின் குளுக்கோஸ் டப்பா பூட்டிய வகுப்பறைக்குள் இருந்தது.

மாமல்லபுரத்தில் ஹோட்டல் வேலையை முடித்து, பஸ் இறங்கி ஓடிவந்த நான் பார்த்ததை என் எதிரிகூடப் பார்க்கக்கூடாது. பரிசு மேசை கவிழ்ந்து கிடந்தது. ரூபி வீசிய கோப்பை பட்டு ஒரு பிள்ளையின் நெற்றியில் ரத்தம். விழா பார்க்க வந்த நான்கு பேர் அவளை மண்ணில் அமுக்கியிருந்தார்கள். மேரி டீச்சர், "வெளிய போ சாத்தானே!" என்று கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தார்.

"அவளுக்கு சக்கர எறங்கிட்ச்சி, வுடுங்க!" என்று அலறினேன். இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "கிட்ட போவாத, உம்மேல ஏறிக்கும்!" ஒருத்தியை முழங்கையால் இடித்தேன். விடவில்லை. "ஆண்டவரே, இந்த நோயைத் தெரிந்தவர் ஒருவரை அனுப்பும்!" என்று கதறினேன்.

மற்ற ஆசிரியர்களோடு கேட்டில் சீஃப் கெஸ்டுக்காகக் காத்திருந்த தாஸ் சார் ஓடிவந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று இன்னும் பலமாகத் திமிறினேன்.

அவர் நான்கு பேரையும் பிடித்து உதறினார். "பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சக்கர கம்மியா கீது. தள்ளு!" சீஃப் கெஸ்டுக்கு வைத்திருந்த மாம்பழ ஜூஸை எடுத்துவந்து, ரூபியை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தார். "முழுங்கு கண்ணு, கொஞ்சம் கொஞ்சமா." அவள் அவர் கையைக் கவ்வினாள். ரத்தமும் ஜூஸும் அவருடைய வெள்ளை பேன்ட்டில் வழிந்தன. கையை அவர் இழுக்கவே இல்லை. அவள் விட்டதும் மறுபடி ஜூஸை அவள் வாயில் வைத்தார்.

சற்று நேரத்தில் ரூபி என்னைப் பார்த்தாள். "அம்மா, ரிலே ஓடிட்டாங்களா?" அங்கேயே மண்ணில் விழுந்து அழுதேன்.

கையில் கட்டுப் போடும்போது அவர் சொன்னார்: "இன்னொரு சட்டய உன்னாண்ட குடுக்க முடியாதும்மா. அதான் அன்னிக்கு நர்ஸம்மா சொன்னத ஒழுங்கா கேட்டுகினேன்."

அதற்குப் பிறகு மேரி டீச்சரே அந்த நர்ஸம்மாவை நம் சபைக்கு அழைத்து வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்தார். பள்ளியில் இப்போது எந்த வகுப்பிலும் குளுக்கோஸைப் பூட்டி வைப்பதில்லை. என் வெள்ளிக்கிழமை உபவாசம் தொடர்கிறது, தாஸ் சாருக்காக.

உங்கள் பிள்ளைகளுக்காகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பள்ளிக்கும் போய்ச் சொல்லிக்கொடுங்கள். கேட்டபடியே கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். நான் கேட்டபடி அவர் அந்தக் கையை முறித்திருந்தால், அன்று என் ரூபியை யார் தூக்கியிருப்பார்கள்?