சுவரோடு நகர்ந்த சாய்தளம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தள்ளி அக்கா. டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், கட்டட வரைபடம் போடும் அலுவலகம். யார் கம்ப்யூட்டரில் கோடு போட உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "தள்ளி வரை, தள்ளி வரை" என்பாள். அப்படி வந்த பெயர்.

சும்மா சொல்வதில்லை. அவர்களுடைய மென்பொருளில் ஒரு சுவரை இழுத்தால் கதவும் கூரையும் கூடவே வரும். வசதிதான். ஆனால் அது கொஞ்சம் அதிகப்பிரசங்கி. புதிதாகப் போடும் கோடு தற்செயலாக இன்னொரு கோட்டின் நேருக்கு வந்துவிட்டால், இரண்டும் சொந்தம் போலிருக்கிறது என்று தானாகவே முடிச்சுப் போட்டுவிடும். யாரையும் கேட்காது. முடிச்சின் குறியும் சாதாரணமாகக் கண்ணில் படாது. பிறகு என்றைக்காவது ஒன்றை நகர்த்தினால், சம்பந்தமே இல்லாத இன்னொன்று பின்னாலேயே போகும். இதற்குத் தள்ளி அக்காவின் வைத்தியம் ஒன்றுதான். திரையில் காலி இடம் பார்த்துத் தள்ளிப் போ. அங்கே வரைந்து, அளவெல்லாம் கொடுத்துவிட்டு, அப்புறம் தூக்கி வந்து உரிய இடத்தில் வை.

அண்ணி வேலைக்குச் சேர்ந்த அன்றும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தாள். அண்ணி என்றால் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. ஒரே வீடு, ஒரே பஸ், இப்போது ஒரே அலுவலகம். முதலாளியிடம் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் இவள்தான்.

ஒரு எலும்பு மருத்துவமனைக் கட்டடம். பதிவு அறை இவ்வளவு பெரிதாக வேண்டாம், பக்கச் சுவரை உள்ளே தள்ளுங்கள் என்று டாக்டர் கேட்டார். அண்ணி தள்ளினாள். வரைபடம் கட்டுமிடத்துக்குப் போனது. கான்கிரீட் ஊற்றப் பலகை அடித்து முடித்த மேஸ்திரி போன் செய்தார். கட்டடத்துக்கு வெளியே சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், உயரம் குறையாமல் நீளம் மட்டும் குறைந்து செங்குத்தாக நிற்கிறதாம். நோயாளி ஏற முடியாது, வேண்டுமானால் சறுக்கி விளையாடலாம் என்றாராம்.

முதலாளி எல்லார் முன்னாலும் அண்ணியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒன்றைத் தொட்டால் வெளியே என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டாமா என்றார். அண்ணிக்கு வேலை இன்னும் உறுதியாகவில்லை. வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று காலையில் சொல்கிறேன் என்று முடித்துவிட்டு, தள்ளி அக்காவிடம் திரும்பிக் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்.

அவள் கோப்புக்கு ஒரு நகல் எடுத்தாள். பதிவு அறைச் சுவரைச் சற்று இழுத்தாள். வெளியே சாய்தளத்தின் அடிவிளிம்பு சமர்த்தாகக் கூடவே வந்தது. மறைந்திருக்கும் முடிச்சுகளைக் காட்டச் சொன்னாள். சுவருக்கும் விளிம்புக்கும் நடுவே குட்டியாக ஒரு குறி. அண்ணி சாய்தளத்தைத் தொடவே இல்லை. அதை வரைந்தது அண்ணி வருவதற்கு முன்பு, தள்ளி அக்காவே. அன்றைக்குத் தன் பையனின் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். கிளம்பும் அவசரத்தில், ஒரு தடவைதானே என்று தள்ளிப் போகாமல் சுவர் பக்கத்திலேயே போட்டுவிட்டாள்.

குறியை அழித்தாள். சுவர் நகர்ந்தது, சாய்தளம் அசையவில்லை. முதலாளி வந்து என்ன விஷயம் என்று கேட்டபோது, தானாக ஒட்டிக்கொண்டுவிட்டது, மென்பொருள் செய்த வேலை என்றாள். அதில் பொய் என்று எதுவும் இல்லை. அப்படியானாலும் உங்க அண்ணி பார்த்திருக்கணும் இல்லையா என்றார் அவர். அவள் கோப்பை மூடிவிட்டு அடுத்த வேலையை எடுத்தாள்.

பஸ்ஸில் அண்ணி வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டபடி வந்தாள். சிபாரிசு செய்தவளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாளாம். எங்கேயோ தள்ளி வரைய மறந்திருப்பாளாம். வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அண்ணனின் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். காலி இடத்தில் ஒரு கட்டம் வரைவது, தூக்கி வந்து வைப்பது, அழிப்பது, மறுபடி வரைவது. அண்ணன் எட்டிப் பார்த்து, நம்ம வீட்டுக்கு மாடி எடுக்கிறியா என்று கிண்டல் செய்துவிட்டுப் போனான். அண்ணி அடுத்த கட்டத்தை ஆரம்பித்தாள்.

தள்ளி அக்கா கையில் காப்பி டம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றாள். டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, போதும், மூடுங்க. அந்தச் சாய்தளம் நான் வரைஞ்சது. நான்தான் ஒட்டி வரைஞ்சேன்."

அண்ணியின் கை மவுஸிலேயே இருந்தது. "எப்பத் தெரியும்?"

"மத்தியானமே."

"பஸ்ல வரும்போதும் தெரியும்."

"தெரியும்."

"அதான் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டியா? என்னடா இவ்வளவு பாசம்னு பார்த்தேன்."

திட்டியிருந்தால் தேவலை. லேப்டாப்பை மூடிவிட்டு அண்ணி துணி மடிக்கப் போய்விட்டாள்.

காலையில் முதலாளி உட்காருவதற்கு முன்பே தள்ளி அக்கா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். முடிச்சு தன்னுடையது, நேற்றே தெரியும், சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டார்.

"உனக்கேவா? விடும்மா. யாருக்கும் நடக்கிறதுதான்."

நேற்று இந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது என்று நினைத்தபோது அவளுக்குக் காது சுட்டது. "யாருக்கும்னா அவங்களுக்கும்தானே சார்? அதை அவங்ககிட்டயே சொல்லிடுங்க."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, வேலையில் தொடரலாம் என்றார். நேற்றுச் சத்தம் போட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். தள்ளி அக்கா பின்னாலேயே போய் நின்றாள்.

"இந்தப் பின்வாசல் படி யார் வரைஞ்சது?" திரும்பாமலேயே கேட்டாள் அண்ணி. "இன்னிக்கு அதை ஒட்டின சுவரைத் தொடணும்."

"நான்தான் அண்ணி. இருங்க, ஒரு தடவை பார்த்துத் தரேன்."

"வேணாம். நானே பார்த்துக்கறேன்."