படித்துக் காட்டாமல் வாங்கிய கைநாட்டு

ஆண்டவருடைய பிள்ளைகளே, அடி வாங்கிய கதையைத்தான் சாட்சியாகச் சொல்ல வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். என் இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது.

2005-ஆம் வருஷம். சுனாமி வந்து போய் ஐந்தாறு மாதம் இருக்கும். நான் ஒரு பல்கலைக்கழகச் சுகாதாரத் துறையில் அட்டெண்டர். மரக்காணம் உப்பளத் தொழிலாளிகளின் சிறுநீரகத்தைப் பற்றி பிஎச்.டி. ஆராய்ச்சி செய்த ஷீலா மேடத்துக்கு என்னை உதவிக்குப் போட்டார்கள். ரத்தம் எடுக்கும் முன் சம்மதப் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும். அது மேடத்தின் கண்டிப்பு. ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மேடம் அந்தப் பக்கம் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்க, நான் வரப்பில் உட்கார்ந்து "இங்க வையிக்கா, வை வை" என்று மை தடவித் தடவி ஒரே காலையில் முப்பது பேரிடம் வாங்கிவிட்டேன். படித்துக் காட்டியதாக மேடத்திடம் பொய்யும் சொன்னேன்.

கடலோரக் குடிசைகளைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார்கள் என்று அப்போது அங்கே ஒரே பேச்சு. எதற்கென்று தெரியாமல் வைத்த கைநாட்டு, அவர்கள் மனதில் ஒரே ராத்திரியில் வீட்டை எழுதிக் கொடுத்த கைநாட்டாகிவிட்டது. மறுநாள் ஜீப்பை விட்டு இறங்கியதும் சூழ்ந்துகொண்டார்கள்.

"டேய், எங்க ஊட்ட எவன்கிட்டடா வித்த?" என்று கத்திக்கொண்டே ஏழுமலை என்பவர் உப்பு வாரும் பலகையை ஓங்கினார். தடுத்த என் கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஜீப் கண்ணாடி நொறுங்கியது. ஐஸ் பெட்டியிலிருந்த முந்தின நாள் ரத்தக் குப்பிகளைப் போட்டு மிதித்தார்கள். உப்பு சிவந்தது. யாரோ மேடத்தின் முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள்.

நல்ல கையால் ஜீப்பிலிருந்து ஜாக்கியின் இரும்பு ராடை உருவிவிட்டேன். ஓங்கினால் ஏழுமலையின் மண்டை பிளக்கும். வாலிபத்தில் நான் சண்டைக்காரன், கணக்குத் தப்பாது. "ஆண்டவரே, தப்புவியும்!" என்று உள்ளுக்குள் அலறினேன். போலீஸ் வரும் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை. என் வாய்தான் திறந்தது.

"மேடத்த உட்டுடுங்க! தப்பு என்னுது. ஃபாரத்தப் படிக்காமலே கைநாட்டு வாங்கிட்டேன். அவங்களுக்குத் தெரியாதுங்க!"

ராடைக் கீழே போட்டேன். அதற்கும் இரண்டு உதை விழுந்தது. அப்போது கஸ்தூரி என்கிற பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து மேடத்தை மறைத்து நின்றார். முந்தின நாள், எனக்குச் செய்து காட்டுவதற்காக முதல் ஆளாக மேடமே படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கியது அவரிடம்தான்.

"அந்தத் தாள்ல ஊட்டப் பத்தி ஒரு வரி இல்லய்யா! எனக்கு முழுசாப் படிச்சுது இந்தப் பொண்ணு."

"அப்ப இப்பப் படிக்கட்டும்" என்றார் ஏழுமலை. பலகையை இறக்கவில்லை.

மேடம் உதட்டில் ரத்தம் வழிய நின்று படித்தார். 'விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்ற வரி வந்தது.

"இன்னொரு தபா படிம்மா" என்றார் ஏழுமலை.

படித்தார். அத்தனை படிவத்தையும் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டார்கள். எங்களைப் போக விட்டார்கள்.

துறையில் உண்மையைச் சொல்லி, வந்த தண்டனையை ஏற்றுக்கொண்டேன். அடுத்த வருஷம் மேடம் முதலிலிருந்து தொடங்கினார். நானும் போனேன். ஏழுமலைக்கு ஒவ்வொரு வரியாக நானே படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு வேணாம்ப்பா" என்றார். "சரிங்க" என்று கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் போனேன்.

இக்கட்டில் ஜெபிக்கிற பிள்ளைகளே, உங்கள் தொண்டையில் ஒரு உண்மை முட்டினால் விழுங்காதீர்கள், சொல்லிவிடுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். அன்றைக்கு ஏழுமலையை என் கையிலிருந்து காப்பாற்றியவருக்கே ஸ்தோத்திரம்.