தரையைப் பார்த்துத் தைத்த போர்வை

மஞ்சள் துணியின் மேல் ஒரு கறுப்பு நூல் கிடந்தது. விரல் நுனியால் எடுக்கப் போனேன், வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். நூல் நகர்ந்து பக்கத்திலிருந்த சிவப்புத் துண்டின் மேல் போய் நின்றது. ஊதிப் பார்த்தேன். எரிச்சலோடு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தால், அதே நூல் வெளியே ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தது.

அது துணியில் இல்லை, என் கண்ணுக்குள் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. 

காரைக்குடியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். நான் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். அது தொழில். ஆசை வேறு. பிளவுஸ் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப் போர்வை தைப்பதுதான் என் ஆசை. கைக்குட்டை அளவுக்கும் சின்னதான துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, அடியில் பழைய பருத்திச் சேலையை மடித்து வைத்து, மொத்தமாகத் தைத்து எடுத்தால் ஒரு போர்வை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதை நான் எந்தப் படத்தையும் பார்த்து முடிவு செய்ததில்லை. சந்தையில் கத்திரிக்காய்க் கூறுக்குப் பக்கத்தில் யாரோ எலுமிச்சம்பழம் குவித்திருப்பார்கள். அங்கேயே நின்றுவிடுவேன். பிளாஸ்டிக் குடம் விற்பவர் மொபெட்டின் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போவார். குன்றக்குடி மலைப்படியில் வெயிலுக்கு ஒதுங்கி நிற்கும் மயில், பக்கத்தில் செங்காவிப் பட்டை அடித்த சுவர். எதிர்வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காயும் ரோஸ் பாவாடை, போலீஸ்காரர் சட்டை, குழந்தையின் பச்சைத் துண்டு. இதெல்லாம் மனதில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து கட்டில் மேல் துண்டுகளைப் பரப்பினால் கை தானாக எடுத்து வைக்கும். கண் பார்க்கும், கை செய்யும், இடையில் நான் எங்கே இருக்கிறேன் என்று யோசித்ததே கிடையாது.

அந்தக் கண்ணில்தான் நூல் வந்தது. மத்தியானத்துக்குள் இடது கண்ணின் ஓரத்தில், பக்கத்துத் தெருவில் வெல்டிங் வைப்பது போல வெளிச்சம் வெட்டி வெட்டி மறைந்தது. பிறகு மிளகுத்தூளைத் தூவியது போலப் புள்ளிகள். கணவரிடம் போனில் சொன்னேன்.

"வெயில்ல அலைஞ்சிருப்ப. கண்ண மூடிக்கிட்டுச் செத்த படு, வந்துர்றேன்" என்றார்.

படுத்தேன். எழுந்ததும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கட்டிலைப் பார்த்தேன். அடுக்கி வைத்த துண்டுகளில் கீழ்ப்பாதியைக் காணோம். துணியை யாரும் எடுக்கவில்லை. அந்த இடத்தில் இருட்டாக ஒன்று தொங்கியது. தலையைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அம்மா படியேறி ஓடி வந்தார்.

கணவர் வந்ததும் மதுரைக்கு பஸ் ஏறினோம். திருப்பத்தூர் தாண்டுவதற்குள் இருட்டு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண், ஊதாவும் கிளிப்பச்சையுமாகச் சேலை கட்டியிருந்தார். நான் வலது கண்ணை மூடுவதும், அந்தச் சேலையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுமாகவே இருந்தேன். முதலில் இடுப்பு மடிப்பு போனது. மேலூர் வரும்போது தோளும் தலையில் வைத்த பூவும்தான் இருந்தன.

"ஏங்க, மறைச்சுக்கிட்டே வருதுங்க" என்றேன்.

"பாக்காத. கண்ண மூடிக்க" என்றார். அவருடைய கை என் கையை விடவும் அதிகமாக வேர்த்திருந்தது.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் நெடுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "விழித்திரை கிழிஞ்சு கழண்டுக்கிட்டு வருதும்மா. சுவத்துல ஒட்டுன காகிதம் ஈரத்துல உரிஞ்சு வர்ற மாதிரி. தள்ளிப்போட முடியாது, இன்னைக்கே சேந்துருங்க."

"நான் தைக்கிறவ டாக்டர். தைக்க முடியுமா?"

"முதல்ல அது ஒட்டட்டும். மத்ததெல்லாம் அப்புறம்."

அவர் இன்னொன்றும் சொன்னார். வலது கண்ணின் ஓரத்திலும் ஓர் இடம் மெலிந்திருக்கிறதாம். பிறகு ஒருநாள் அந்த இடத்துக்கு லேசர் வைக்க வேண்டுமாம். இடது கண்ணுக்காகப் பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையில் பயம் இரண்டு மடங்கானது.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது. வலி இல்லை. குரல்கள் கேட்டன. முடிந்த பிறகுதான் கஷ்டமான பகுதி என்றார்கள். கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தார்கள். அந்தக் குமிழி மேலே ஏறி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்கு நான் முகத்தைத் தரையைப் பார்த்தே வைத்திருக்க வேண்டும். சாப்பிடும்போது, நடக்கும்போது, தூங்கும்போதுகூட. மல்லாந்து படுத்தால் அவ்வளவும் வீணாகிவிடலாம்.

எங்கள் மாடிப்படியில் குனிந்துகொண்டே ஏறி இறங்க முடியாது. கணவருக்கும் வேலைக்குப் போகாமல் முடியாது. அதனால் ஆத்தங்குடியில் இருக்கும் மதினி வீட்டில் என்னை விட்டார். மதினி என் கணவரின் அக்கா. வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்குப் பூக்கல் பட்டறை இருக்கிறது. கண்ணாடிப் பலகையில் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, தரைக்குப் போடும் பூக்கல் செய்வார்கள். வண்ணம் ஊற்றுவது மதினிதான்.

எனக்கு மதினியைக் கண்டால் எப்போதும் நடுக்கம். யாரையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஒரு விசேஷத்துக்கு நான் என் போர்வை ஒன்றை ஆசையாகக் கொண்டுபோயிருந்தேன். எல்லாரும் இருக்கும்போது அதை விரித்துப் பார்த்து, "வீட்டுல கந்தல் நெறையச் சேந்துபோச்சாக்கும்?" என்று கேட்டவர். அவர் வீட்டில், அவர் கையால் சாப்பிட்டு, அவர் கைத்தாங்கலில் கழிப்பறைக்குப் போக வேண்டும்.

கட்டிலின் தலைமாட்டில் இரண்டு தலையணைகளை இடைவெளி விட்டு வைத்து, நெற்றியை ஒன்றிலும் தாடையை ஒன்றிலும் பதித்துக் குப்புறக் கிடந்தேன். இடது கண்ணில் கட்டு. வலது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தரை. ஊருக்கெல்லாம் பூக்கல் கொடுக்கும் அந்த வீட்டில் அந்த அறையில் மட்டும் வெறும் சிமெண்டுத் தரை. சாம்பல் நிறம். ஒரு விரிசல். எறும்பு வந்தால் அது ஒரு புதுக்காட்சி.

நாள் முழுக்கச் சாம்பலையே பார்த்துக்கொண்டு கிடந்தால் மனம் என்னென்னவோ செய்கிறது. இது தரையின் நிறம்தானா, இல்லை என் நல்ல கண்ணும் நிறத்தை விட்டுக்கொண்டிருக்கிறதா? எதிலாவது சோதித்துப் பார்க்கலாம் என்றால் அந்தச் சின்ன வட்டத்தில் எதுவுமே இல்லை. என் விரலைக் கொண்டுவந்து பார்த்தேன். அதுவும் வெளிறித்தான் தெரிந்தது. 

"மதினி! மதினி, செவப்பா ஏதாச்சும் கொண்டாங்க!"

பட்டறையிலிருந்து ஓடி வருவது கேட்டது. சிமெண்டு காய்ந்த பாதங்கள் என் முகத்துக்குக் கீழே வந்து நின்றன.

"என்னத்தா, என்ன ஆச்சு?"

"எனக்கு நெறம் தெரியலையோன்னு பயமா இருக்கு."

 பாதங்கள் போய்விட்டன. சலித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கல் தரையில் உரசும் சத்தம். ஒரு பூக்கல் என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. மூலை உடைந்த கல்.

"இது என்ன நெறம், சொல்லு."

"செவப்பு. நடுவுல மஞ்ச. ஓரத்துல... பச்சை."

"பொறகு என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்துற?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் காலால் ஒரு கல்லைத் தள்ளிவிட்டு இன்னொன்றை வைத்துவிட்டுப் போனார். உடைந்தவை, வண்ணம் ஒன்றோடொன்று வழிந்தவை, விற்க முடியாதவை. பிறந்ததிலிருந்து எத்தனை வீடுகளில் இந்தக் கற்கள் மேல் நடந்திருப்பேன். ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து அப்போதுதான் பார்க்கிறேன். பச்சையும் கடுகு மஞ்சளும் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. அந்தக் கோட்டால்தான் இரண்டுமே எழுந்து நின்றன. என் போர்வைகளில் நான் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தின் மேல் அப்படியே மோதவிட்டிருந்தேன். இடையில் ஒரு கறுப்புப் பட்டி விடலாம் என்று தோன்றியதே இல்லை. குப்புறக் கிடந்தபடியே மனதுக்குள் துண்டுகளை வெட்ட ஆரம்பித்தேன். வெட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

ஒரு மத்தியானம் விழித்தபோது மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மின்விசிறி! நான் மல்லாந்து கிடந்தேன். எவ்வளவு நேரமாகவோ.  "போச்சு, எல்லாம் போச்சு" என்று அலறினேன். மதினி ஓடி வந்து என்னைப் புரட்டிப் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். மறுமுனையில் ஒரு நர்ஸ், பதறாதீங்க, திரும்பக் குப்புறப் படுங்க, பரிசோதனைக்கு வரும்போது பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று மதினியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மதினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் பின்னந்தலையில் கையை வைத்தார். சொரசொரப்பான கை.

"நீ தூங்கு. நான் புடிச்சுக்கிறேன். பெரண்ட, அடிதான் விழும்."

"பட்டறையில வேலை கெடக்கே மதினி."

"கெடக்கட்டும்." தலையணையை என் நெற்றிக்கு நேராக இழுத்து வைத்தார். பிறகு, "ஒனக்குத்தான் பயம்னு நெனைக்காத. நீ கத்துறப்ப எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. தம்பி என்னைய நம்பி ஒன்னைய விட்டுட்டுப் போயிருக்கான். ஏதாச்சும் ஆச்சுன்னா நான் அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார்.

அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.  அவரே பேச்சை மாற்றினார்.

"ஆமா, அந்தப் போர்வைக்கு நெறத்தையெல்லாம் எங்கிட்டிருந்து புடிக்கிற?"

சொன்னேன். சந்தை, குடம், கொடியில் காயும் துணி.

"கத்திரிக்காயப் பாத்தா போர்வை?" என்று சிரித்தார். "நல்ல ஆளுத்தா நீ." கையை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் பார்த்து முடிக்கும் வரை நான் மூச்சே விடவில்லை. விழித்திரை ஒட்டியிருந்தது. நிமிர்ந்து உட்காரலாம் என்றார். இடது கண்ணில் வாயுக் குமிழி, தம்ளரில் நிரப்பிய தண்ணீரின் விளிம்பு போலத் தளும்பியது. வாரங்கள் போகப் போக அது சின்னதாகி, கோலிக்குண்டாகி, ஒருநாள் காலையில் இல்லாமல் போனது. பார்வை வந்தது. ஆனால் பழைய பார்வை இல்லை. கதவு நிலை நடுவில் நெளிந்து தெரிந்தது. சிவப்பு, பலமுறை துவைத்த சிவப்பாகத் தெரிந்தது.

"நெளிசல் கொறையலாம். முழுசாப் போகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். பச்சை வெளிச்சம் ஒவ்வொரு தடவை வெட்டும்போதும், இதுதான் நான் கடைசியாகப் பார்க்கும் பச்சை என்று தோன்றியது. அது நல்லபடியாகவே முடிந்தது.

வீட்டுக்கு வந்து பல நாள் மிஷின் பக்கம் போகவில்லை. ஒருநாள் உட்கார்ந்தேன். பெடலில் கால் வைத்தால் அழுத்த மனம் வரவில்லை. ஊசி இறங்குவதைப் பார்த்தாலே கண் கூசியது. கணவர் மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்தார். "பயமா இருந்தா விட்ரு. யாரும் ஒன்னும் சொல்லப் போறதில்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னது இன்னும் பயமாக இருந்தது.

மதினிக்குப் போன் செய்தேன். "அந்தப் பச்சைக் கல்லுக்கு அடுத்து வச்சீகளே, அதுல நடுவுல என்ன நெறம்?"

மறுநாள் பஸ் ஏறி மதினியே வந்துவிட்டார். படியேறி வந்த மூச்சு வாங்கலோடு தரையில் உட்கார்ந்து என் துண்டு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். அன்றாடம் வண்ணம் ஊற்றும் கை. "இது இங்குட்டு வரணும். அத அங்குட்டுத் தள்ளு. கருப்ப ஒல்லியா வெட்டு, தடிப்பா வெட்டுனா அசிங்கமாப் போயிரும்." நான் வெட்டினேன். இடது கண்ணை மூடிக்கொண்டு முதல் தையலை ஓட்டினேன். மிஷின் விட்டு விட்டுத்தான் ஓடியது.

"நேரா இருக்கா மதினி? எனக்கு நம்பிக்கை இல்ல."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நேராத்தான் இருக்கு. ரெண்டு எடத்துல லேசா வளஞ்சிருக்கு. போத்திக்கிட்டுத் தூங்குறவுக அளந்தா பாக்கப் போறாக?"

போர்வை முடிய மழைக்காலம் வந்துவிட்டது. பச்சை, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, எல்லாவற்றுக்கும் இடையில் கறுப்புப் பட்டி. நான் தைத்ததிலேயே அழகானது அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை விரித்துப் போடும்போதெல்லாம் அந்தச் சாம்பல் தரை அறையின் மருந்து வாசனை வருகிறது. விற்கவும் மனமில்லை, போர்த்திக்கொள்ளவும் மனமில்லை. மதினி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்னமும் காலையில் எழுந்ததும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, சுவரைப் பார்த்த பிறகுதான் காலைத் தரையில் வைக்கிறேன். பரிசோதனைக்கு முந்தின நாள் சோறு இறங்குவதில்லை. போன தடவை எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும்போது திருப்பத்தூரில் பஸ் நின்றது. டீ குடிக்க இறங்கினோம். ஒரு பூக்காரம்மா கூடையில் கோழிக்கொண்டைப் பூவையும் மரிக்கொழுந்தையும் வெள்ளைச் செவ்வந்தியையும் தனித்தனியாகக் குவித்து வைத்திருந்தார். கருஞ்சிவப்பு, சாம்பல் பச்சை, வெள்ளை. இடது கண்ணால் பார்த்தேன். வலது கண்ணால் பார்த்தேன். பிறகு இரண்டாலும் பார்த்தேன். வெள்ளையை நிறையச் சேர்க்க வேண்டும், சிவப்பு ஓரத்தில் மட்டும் போதும்.

"பஸ் எடுக்கப் போறாக, வா" என்று கணவர் கூப்பிட்டார்.

"ஏங்க, ஒரு நிமிஷம்" என்றேன்.