தேய்ந்த அம்மி

எங்கள் நிலத்துக்குப் பட்டா வாங்கிக் கொடுத்தது ஒரு அம்மிக்கல் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். அதைக் கண்டெடுத்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு வெகுநாள் இருந்தது.

அவிநாசிபாளையத்தில் கிணறு வற்றிப்போனதும் அப்பா எங்களை உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். மாமாவும் கூட வந்தார். இருவரும் காட்டை வெட்டி எரித்துச் சோளம் போட்டார்கள். இரண்டாம் வருஷம் ஒரு உத்தரவு வந்தது. பல வருஷமாகக் குடியிருப்பவர்களுக்குத்தான் பட்டாவாம், மற்றவர்கள் காலி செய்ய வேண்டுமாம். அன்றைக்கு அம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை. திரும்பிப் போக எங்களுக்கு இடம் ஏது?

அந்த வாரம்தான், மரத்தை வேரோடு பிடுங்கிய ஒரு குழியில் எனக்கு அந்த அம்மி கிடைத்தது. நடுவில் நன்றாகத் தேய்ந்து குழிந்திருந்தது. குழவியும் பக்கத்திலேயே கிடந்தது. நான் மண்ணை அரைத்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தபோது மாமா பார்த்துவிட்டார். அவர் மூளை சும்மா இருக்காது. கல்லைக் கழுவி, மஞ்சள் தடவி, வாசலோரம் கொண்டுவந்து போட்டார்.

பார்வையிட வந்த அதிகாரியிடம், "அம்மியப் பாருங்கய்யா. ஒரு வருசம் ரெண்டு வருசத்துல இப்பிடித் தேயுமுங்களா?" என்றார்.

அதிகாரி என்னிடம் குனிந்து, "இதுல யாரு கண்ணு அரைக்கறது?" என்று கேட்டார்.

"எங்கம்மாங்க. நானும் அரைப்பனுங்க."

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பட்டா வந்தது.

பிறகொரு நாள் மலையிலிருந்து ஒரு பெண் சுரைக்குடுக்கையில் தேன் கொண்டுவந்தாள். அம்மியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழிவில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்கம்மா அரைச்சு அரைச்சுத் தேஞ்ச கல்லுங்க," என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தொட்டாள். கை தேனாகப் பிசுபிசுத்தது. பிறகு அம்மாவைப் பார்த்து, "கொழவி இடப்பக்கம் வழுக்கும் தாயி. வெரலு நசுங்காம பாத்து அரை," என்றாள்.

அம்மா உள்ளே போய், விதைக்கு வைத்திருந்த சோளத்தில் பாதிக்கு மேல் அள்ளிவந்து அவள் மடியில் கொட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கோள் சொன்னேன். "ஒரு குடுக்கத் தேனுக்கு வெதச்சோளத்தையெல்லாம் குடுத்துட்டாங்க. அம்மாவ அந்தப் பொம்பள நல்லா ஏமாத்திப்போட்டா."

அப்பா அம்மியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.