காளவாசலில் நின்ற கப்பல்

என் பெயிண்ட் வாளிக்குள் நாலு இஞ்சு பிரஷ் ஒன்று கிடக்கிறது. கைப்பிடி பிளந்து, செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதை நான் பெயிண்டில் நனைப்பதில்லை. அது எங்கள் மேஸ்திரி அண்ணனுடையது. சிறு பிள்ளையாக மன்னாரிலிருந்து தோணியில் வந்தவர். மதுரைக்கு வெளியே அகதி முகாமில் வளர்ந்து, பதினைந்து வருடம் என்னோடு சுவர்களுக்கு வண்ணம் அடித்தவர். முன்பே ஊர் திரும்பியிருந்த அவருடைய அம்மா அங்கே படுத்த படுக்கையானதும் அண்ணனும் போக முடிவெடுத்தார். நாட்டை விட்டுப் போக அனுமதிக் கடிதம் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை போகிற கப்பலுக்கு டிக்கெட் போட்டார். முகாம் வீட்டை ஒப்படைத்தார். பிரஷை என் கையில் கொடுத்தார். மேஸ்திரி வேலையைக் காண்ட்ராக்டர் எனக்குக் கொடுத்தார்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், கடல் சரியில்லை என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். மறுபடி எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியவில்லை. இங்கே வீடில்லை, அங்கே போக வழியில்லை. முகாமின் பொதுக்கூடத்தில் மூட்டை முடிச்சோடு படுத்திருந்தார். மதுரையில் நாங்கள் வேலைக்குக் கூடுகிற காளவாசல் டீக்கடைக்குத் தினமும் காலையில் வந்து, வேறு வழி தேடிய கதையைச் சொல்வார். தூத்துக்குடியில் கேட்டால் சரக்கு மட்டுந்தான் ஏற்றுவார்களாம். ராமேஸ்வரத்தில் படகு பேசித் தருகிறேன் என்று ஒருவன் வந்தான். "வந்தப்பதான் களவா வந்தோம். போறப்பவும் களவாத்தான் போகணுமா தம்பி?" என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். விமானத்தில் போகலாமென்றால் கடிதத்தில் துறைமுகத்தின் பெயர் போட்டிருந்தது. அதை மாற்றி வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். "அம்மாவோட போன்ல கதைச்சேன். எதுவரைக்கும் வந்துட்டன்னு கேக்குது. காளவாசல்னு சொன்னா அதுக்கு விளங்குமா?" என்பார்.

நான் முந்திக்கொண்டு, "கப்பல் என்னாச்சுண்ணே?" என்று தினமும் கேட்பேன். அக்கறை என்று நினைத்தார். அக்கறைதான், என் மேஸ்திரி வேலை மேல். ஒரு நாள் தயங்கித் தயங்கி, "சும்மா இருக்க முடியல தம்பி. அந்தப் பிரஷைக் குடு, நாலு நாளைக்கு வாரேன்" என்றார். காண்ட்ராக்டர் இவரைக் கண்டால் என்னை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கிவிடுவாரே. "ஆள் நெறஞ்சிருச்சுண்ணே" என்றேன். அன்று இரண்டு ஆள் குறைவு. எங்கள் தலைகளைத் தினமும் எண்ணிப் பழகியவருக்கு அது தெரியாதா? பாதி டீயை வைத்துவிட்டுப் போனார்.

ஒருவழியாகக் கடிதம் மாறி வந்து, மதுரையிலிருந்தே விமானம் ஏறினார். அவர் போய்ச் சேர்வதற்கு முந்தின நாள் அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள். "ஒரு மணி நேரந்தான் தம்பி பறந்துச்சு. அம்புட்டுத்தான்" என்று போனில் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

இப்போது கப்பல் மறுபடி ஓடுகிறதாம். போன வாரம் பிரஷைக் கழுவி, தாளில் சுற்றி வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். முகாமிலிருந்து ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடவா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி, நீயே வச்சுக்க. உனக்கு வேலை இருக்கணும்ல" என்றார்.

குத்திப் பேசத் தெரியாத மனிதர் அவர். தாளைப் பிரித்து, பிரஷைத் திரும்ப வாளிக்குள் போட்டேன்.