உள்ளே வரக்கூடாத சட்டத்தரணி

போன வியாழக்கிழமை மெல்பேர்னின் டண்டினொங் பகுதியில் ரவீந்திரன் வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கில் வென்ற மனிதர். முகமோ தோற்றவரைப் போல.

ரவி இங்கே மாணவராக வந்து, ஆஸ்திரேலிய இராணுவத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். ட்ரக்குகளின் கீழே படுத்தெழும்பியே இடுப்பு, நாரியெல்லாம் போய்விட்டது. வேலையை விட்டு வந்து இயலாமைக் கொடுப்பனவு கேட்டார். வயதால் வந்த தேய்மானம் என்று படைவீரர் நலத் துறை கைவிரித்தது. நாற்பதில் என்ன வயது?

மீளாய்வுச் சபைக்கு அப்பீல் செய்ய தேவகியிடம் போனார். மலேசியத் தமிழர், கெட்டிக்காரச் சட்டத்தரணி. முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட்டார்.

"அங்க லோயருக்கு அனுமதி இல்லை அண்ணே. பேப்பர் எல்லாம் நான் ரெடி பண்றேன், வெளியேதான் உட்கார்ந்திருப்பேன். நீங்க ஜெயிச்சாலும் என் ஃபீஸை அவங்க தர மாட்டாங்க."

"தோத்தா?"

"மேல ட்ரிப்யூனலுக்குப் போய் அங்க ஜெயிச்சா, கேட்க வழி இருக்கு."

அதாவது... செலவு திரும்பி வர வேண்டுமென்றால் முதலில் தோற்க வேண்டும்! இப்படியொரு விதியை யார் உட்கார்ந்து யோசித்தார்களோ?

விசாரணை நாள். தேவகி வெளியே. உள்ளே ரவி, பக்கத்தில் மனைவி சாந்தி. "கடைச் சாமான் தூக்க முடிகிறதா?" என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். ரவிக்குள் இருந்த சிப்பாய் விறைத்து நிமிர்ந்துவிட்டான்.

"நோ ப்ராப்ளம், சேர்!"

வலியை மறைத்தே பழகியவர். 'உண்மையைச் சொல்லுங்கள்' என்று கையைப் பிடிக்க அருகில் சட்டத்தரணி இல்லை.

மிச்சத்தைச் சாந்திதான் என்னிடம் சொன்னார். "எனக்குப் பத்திக்கொண்டு வந்தது அண்ணா. 'இவர் பொய் சொல்றார், விடிய சொக்ஸ் போட்டுவிடுறதே நான்தான், இவர் மகளைத் தூக்கிக் கனகாலம்' எண்டு எழும்பிச் சொல்லிப்போட்டன். இவர் அங்கேயே அழுதிட்டார்."

அந்த அழுகைக்குப் பிறகுதான் சபை ஒழுங்காகக் கேட்கத் தொடங்கியது. தீர்ப்பு ரவி பக்கம்.

தேவகி பாவம், தன் கட்டணத்தில் பாதியைத் தானாகவே குறைத்துவிட்டார். மிச்சத்தை ரவி மாதாமாதம் கட்டுகிறார். "அந்தக் காசைத் துறையிட்டயும் ஒருக்காக் கேட்டுப் பாத்தன்," என்று எரிச்சலோடு அவர்களின் பதில் கடிதத்தை நீட்டினார். "நீங்களே வாசியுங்கோ."

வாசித்தேன். சபை எளிமையானதாம், நட்பானதாம், யாரும் தனியாகவே சமாளிக்கலாமாம். சட்டத்தரணி தேவையே இல்லாத இடத்தில் சட்டத்தரணிக்கு எதற்குக் கட்டணம் என்று பணிவாக மறுத்திருந்தார்கள்.

கீழே கையொப்பமிட்டிருந்தவர் யார் தெரியுமா? — துறையின் சட்டத்தரணி!